மோதிரம் நிற்காத கொம்பு

வெல்டன் ஷூல்ட்ஸின் பண்ணையில் கலைமானுக்கு ஒன்றரை வயதில் ஒரு பரீட்சை உண்டு. கொம்பு ஒரு பக்கமாவது கிளை விட்டிருந்தால் பாஸ்; காதில் நம்பர் போட்ட மஞ்சள் வில்லையைக் குத்தி அவிழ்த்து விட்டுவிடுவார்கள். இரண்டு பக்கமும் ஈட்டி மாதிரி நேராக இருந்தால் ஃபெயில். அந்த இடத்திலேயே சுட்டுவிடுவார்கள். மறுபரீட்சை என்ற பேச்சே கிடையாது. ஒன்பது வருஷமாக இதுதான் சட்டம்.

பரீட்சை வைக்கிற வாத்தியார் எவரிஸ்டோ. வயது அறுபத்தொன்று, அந்தப் பண்ணையில் இருபத்தாறு வருஷ வேலை. அக்டோபரில் ஹெலிகாப்டர் வரும். தெற்கு டெக்ஸஸின் கருவேலங்காட்டுக்கு மேலே தாழப் பறந்து, மான்களை வெட்டவெளிக்கு விரட்டி, மேலிருந்து வலையை வீசும். விழுந்த மானின் காலையும் கண்ணையும் கட்டி, வண்டியில் போட்டு எவரிஸ்டோவின் முன்னால் கொண்டுவந்து இறக்குவார்கள். கொம்பில் இருப்பது கிளையா வெறும் முண்டா என்று அவர் சொல்ல வேண்டும். அதற்கு அந்தப் பக்கத்தில் பழைய வழி ஒன்று இருக்கிறது. மோதிரத்தை மாட்டிப் பார்ப்பது. தொங்கி நின்றால் கிளை, வழுக்கி விழுந்தால் முண்டு. எவரிஸ்டோ தன் கல்யாண மோதிரத்தையே கழற்றி மாட்டிப் பார்ப்பார். "நிக்குது" என்பார், இல்லையென்றால் "நிக்கல" என்பார். பல்கலைக்கழகத்திலிருந்து ஆராய்ச்சிக்கு வரும் கெண்ட்ரா அதைத் தாளில் எழுதிக்கொள்வாள். "நிக்கல" என்றால் வெல்டன் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுத் துப்பாக்கியோடு வருவார்.

அந்த வேலையை மட்டும் வெல்டன் வேறு யாரிடமும் விட்டதில்லை. நான் போட்ட சட்டம், நான்தான் சுட வேண்டும் என்பார். கறி முழுவதும் ஊர்த் தேவாலயத்தின் அன்னதானச் சமையலுக்குப் போய்விடும். கெட்ட மனுஷன் இல்லை, சத்தியமாக இல்லை. மாடு வளர்த்த பரம்பரை, புத்தி அந்த வழியில் போனது. "மட்டமான பொலிகாளைய மந்தையில விட்டு வச்சா நல்ல கன்னுக்குட்டி எங்கேருந்து வரும்?" என்பார். மாட்டுக்குச் சரியாக இருப்பது மானுக்கும் சரியாகத்தானே இருக்க வேண்டும்? மட்டமான கொம்பைக் கழித்துக்கொண்டே வந்தால், மிச்சம் இருப்பதெல்லாம் நல்ல கொம்பாக இருக்கும், அதன் பிள்ளைகளும் நல்ல கொம்போடு பிறக்கும். கேட்டால் யாருக்கும் தலை ஆட்டத்தான் தோன்றும். எவரிஸ்டோவும் ஆட்டியிருக்கிறார்.

இந்தச் சட்டத்துக்கு வெல்டன் வைத்திருந்த அத்தாட்சி, இருநூற்றுப் பதினாலாம் நம்பர் கடாமான். இப்போது அதற்கு வயது ஏழரை. கொம்பின் எல்லாக் கிளையையும் சேர்த்து அளந்தால் நூற்றெண்பத்தேழு அங்குலம். அடேயப்பா, அதைப் பார்ப்பதற்கென்றே மூன்று மாவட்டம் தாண்டி ஆட்கள் வந்தார்கள். தீனித் தொட்டியருகே கேமராவில் விழுந்த அதன் படத்தை வெல்டன் ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கிக் கொட்டகையில் மாட்டிவைத்திருந்தார். "பாருங்கய்யா, கழிச்சா என்ன வருதுன்னு" என்று ஒவ்வொருவரையும் அதன் முன்னால் நிறுத்துவார்.

இருநூற்றுப் பதினாலு பரீட்சையில் ஃபெயில் ஆன கடா. அது இந்த உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்: எவரிஸ்டோவுக்கும் அவர் மனைவி இமெல்டாவுக்கும்.

ஆறு வருஷத்துக்கு முன்னால், மழையே இல்லாத ஒரு அக்டோபர். சப்பாத்திக்கள்ளியின் முள்ளைத் தீயில் பொசுக்கி மாட்டுக்குப் போட்ட வருஷம் அது. மான்குட்டிகளின் விலா எலும்பை எண்ணலாம், கொம்பெல்லாம் ஈட்டி. அன்று காலையிலிருந்து எவரிஸ்டோ "நிக்கல" என்று சொல்லிச் சொல்லி, வெல்டன் சுட்டுச் சுட்டு, மத்தியானத்துக்குள் இருபத்துமூன்று போய்விட்டன. அடுத்ததாக ஒன்று வந்தது. இடது கொம்பில் ஒரு சின்ன முண்டு. எவரிஸ்டோ அதன் நெஞ்சில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு மோதிரத்தை மாட்டினார். மோதிரம் நிற்காமல் வழுக்கி விழுந்தது. கைக்குக் கீழே அதன் நெஞ்சு தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது. மழை பெய்யாததற்கு இது என்ன செய்யும் என்று ஒரு நினைப்பு. அவரே பதினேழு வயதுவரை தங்கையைவிடக் குள்ளமாக இருந்தவர். வீட்டில் கேலி செய்யாத ஆள் இல்லை. பிறகு ஒரே வருஷத்தில் ஒரு முழம் வளர்ந்தார். இதையெல்லாம் அந்த நிமிஷம் நினைத்தாரா, பின்னால் நினைத்துக்கொண்டாரா, அவருக்கே தெரியாது. வாயிலிருந்து "நிக்குது" என்று வந்துவிட்டது.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எவரிஸ்டோ சொன்னால் சொன்னதுதான். கெண்ட்ரா எழுதினாள், வில்லையைக் குத்தினார்கள், கட்டை அவிழ்த்ததும் அது பிடித்த ஓட்டம் காட்டுக்குள் போய்த்தான் நின்றது. அதற்குப் பிறகு அன்று வந்த எதற்கும் அவர் பொய் சொல்லவில்லை. இனி எந்த நாளும் சொல்வதில்லை என்று இமெல்டாவிடம் சத்தியமும் செய்தார்.

அந்தக் கடா ஓரத்தில் எங்கேயாவது கிடந்து செத்திருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். அது வளர்ந்து தொலைத்தது. நாலரை வயதில் கேமராவில் முதல் படம் விழுந்தபோது வெல்டனின் மனைவி இறந்துபோய் எட்டு மாதம் ஆகியிருந்தது. எட்டு மாதமாக மனுஷன் சிரித்து எவரிஸ்டோ பார்க்கவில்லை. அந்தப் படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடிவந்து, எவரிஸ்டோவின் தோளைப் பிடித்து உலுக்கிச் சிரித்தார். அந்த முகத்துக்கு முன்னால் நின்று உண்மையை எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டார். நாளை, நாளை என்று மூன்று வருஷம் ஓடிவிட்டது.

இப்போது தள்ள முடியாத இடத்துக்கு வந்து நின்றது. இந்த வருஷமும் மழை இல்லை. சுற்றியிருந்த ஏழு பண்ணைக்காரர்கள், எங்கள் காட்டிலும் இதே சட்டத்தைப் போடுகிறோம் என்று சம்மதித்திருந்தார்கள். சனிக்கிழமை மத்தியானம் வெல்டனின் கொட்டகையில் கூட்டம், சாப்பாடு. திங்கட்கிழமை எட்டுப் பண்ணைக்கும் சேர்த்து ஹெலிகாப்டர். காய்ந்த வருஷத்துக் குட்டிகள். பத்துக்கு எட்டு ஈட்டிக் கொம்பாகத்தான் இருக்கும். எவரிஸ்டோ மனசுக்குள் கூட்டிப் பார்த்தார். முந்நூறுக்குக் குறையாது.

சனிக்கிழமை காலையில் இமெல்டா மாவைத் தட்டி ரொட்டி போட்டுக்கொண்டிருந்தாள். சொல்லிவிடப் போகிறேன் என்று எவரிஸ்டோ சொன்னதும் அவளுக்குக் கை நின்றுவிட்டது. பொய்க் கணக்குக் கொடுத்தவனை எந்த முதலாளி வைத்துக்கொள்வான், இந்த வயதில் எவன் வேலை கொடுப்பான், காற்றாலைக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த வீடு யார் பேரில் இருக்கிறது என்று வரிசையாகக் கேட்டாள். எல்லாம் நியாயமான கேள்வி.

"மூணு வருஷமா அந்த மனுஷன் பக்கத்துலயே நின்னு தலையாட்டிட்டு, இன்னைக்கு ஏழு பேர் முன்னாடி அவர் மூஞ்சில கரியப் பூசப் போறியா?" என்றாள். "சொல்றதா இருந்தா தனியா சொல்லு. இல்ல, வாய மூடிக்கிட்டு இரு."

அதுவும் நியாயம்தான். எவரிஸ்டோ சாப்பிடாமலே எழுந்து, தனியாகச் சொல்லிவிடலாம் என்று பெரிய வீட்டுக்குப் போனார். வெல்டன் விடியற்காலையிலேயே எழுந்து மாட்டு நெஞ்சுக்கறியைப் புகையடுப்பில் ஏற்றிவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார். எவரிஸ்டோவைப் பார்த்ததும், "என் பக்கத்துல உனக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கேன்யா, முன் வரிசையில. நீ இல்லாம இதெல்லாம் ஏது" என்றார். பீன்ஸ் அண்டாவைத் தூக்க ஒரு கை கொடுத்துவிட்டு, வந்த விஷயத்தைச் சொல்லாமலே எவரிஸ்டோ திரும்பிவிட்டார்.

கூட்டத்தில் முதலில் கெண்ட்ரா பேசினாள். ஒன்பது வருஷமாக அவள் இரண்டு பக்கத்தையும் அளந்துகொண்டு வந்திருக்கிறாள். ஒன்று வெல்டன் கழிக்கும் காடு. இன்னொன்று ஓடைக்கு அந்தப் பக்கம், யாரும் எதையும் கழிக்காத காடு. இரண்டிலும் கொம்பு ஒரே மாதிரி ஏறி ஒரே மாதிரி இறங்கியிருக்கிறது என்றாள். மழை பெய்தால் ஏறுகிறது, காய்ந்தால் இறங்குகிறது. முதல் வருஷக் கொம்பு, குட்டி எப்போது பிறந்தது, தாய்க்குப் பால் இருந்ததா என்பதைத்தான் சொல்லும், ரத்தத்தில் இருப்பதைச் சொல்லாது. பாதி ரத்தம் தாயிடமிருந்து வருகிறது. பெண்மானுக்குக் கொம்பே இல்லாதபோது அதை எதை வைத்துக் கழிப்பீர்கள்? கொட்டிலில் அடைத்த பொலிகாளைக்கு எது பிள்ளை என்று தெரியும். காட்டில் எந்தக் கடாவுக்கு எது பிள்ளை என்று யார் கண்டது? அவள் நன்றாகத்தான் பேசினாள். ஆனால் அவளிடம் இருந்தது ஒரு கோட்டுப் படம். அவளுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு இருநூற்றுப் பதினாலு நின்றுகொண்டிருந்தது. பாவம், ஏழு பேரும் அவள் தலைக்கு மேலாக அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெல்டன் எழுந்தார். மரியாதையாகத்தான் பேசினார். இந்தப் பெண் கெட்டிக்காரி, அவள் கணக்கை நான் குறை சொல்ல மாட்டேன், ஆனால் என் கண்ணையும் நான் நம்ப வேண்டும் என்றார். கழிக்காத காட்டில் இப்படி ஒரு கடாவைக் காட்டுங்கள் என்று படத்தைத் தட்டினார்.

அடுத்த பண்ணைக்காரர் ஆர்வில் கையைத் தூக்கினார். வாய்த் துடுக்கான மனுஷன், ஆனால் அன்று அவர் குரலில் கிண்டல் இல்லை.

"என் பக்கம் இந்த வருஷம் முக்காவாசி ஈட்டிதான் வெல்டன். அத்தனையையுமா சுடணும்?"

"அத்தனையும்" என்றார் வெல்டன். "எனக்கும்தான் கஷ்டமா இருக்கும். பல்லக் கடிச்சுக்கிட்டு சுடணும். இந்தக் கடா பரீட்சைக்கு வந்ததும் இதே மாதிரி ஒரு காஞ்ச வருஷம்தான். அப்பவும் இதோட கொம்பு பிரிஞ்சு வந்துச்சு. நல்ல ரத்தம் எந்தப் பஞ்சத்துலயும் தெரியும்." எவரிஸ்டோ பக்கம் திரும்பினார். "என்னைய நம்பலேன்னா இவனக் கேளுங்க. இவன் கைதான் பாத்துச்சு. சொல்லுய்யா எவரிஸ்டோ, இது சின்னதுல எப்படி இருந்துச்சு?"

எவரிஸ்டோ எழுந்தார். இதுவரைக்கும் அவர் வாயை மூடிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். இப்போது வாயைத் திறந்து இன்னொரு முறை "நிக்குது" என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் வீடு மிஞ்சும். திங்கட்கிழமை முந்நூறு குட்டி போகும். நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"ஈட்டிதான் முதலாளி" என்றார்.

வெல்டனுக்குப் புரியவில்லை. "என்னது?"

"ரெண்டு பக்கமும் ஈட்டி. எடதுல ஒரு முண்டு இருந்துச்சு. மோதிரம் நிக்கல. நான் நிக்குதுன்னு பொய் சொன்னேன். சட்டப்படி அன்னைக்கே சுட்டிருக்க வேண்டியது."

யாரோ கையிலிருந்த தட்டைப் பெஞ்சில் வைத்தார்கள், அது கேட்டது. ஆர்வில் படத்தைப் பார்த்தார், எவரிஸ்டோவைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். அப்போ இதுதான் கழிப்பு மானா என்று முணுமுணுத்தார்.

கெண்ட்ராவுக்குத்தான் முதலில் பேச்சு வந்தது. ஜெயித்துவிட்டோம் என்று அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்சம் கோபம்கூட இருந்தது. "அண்ணே, என் கணக்குக்குள்ள ஒரு பொய்ய வச்சிட்டீங்களே" என்றாள். பிறகு எல்லாரையும் பார்த்து, ஒரே ஒரு கடாவை வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது, இப்போதும் முடியாது, முன்பும் முடியாது, அதைத்தான் நான் ஒன்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்றாள். அதை அவர்கள் எந்த அளவுக்குக் கேட்டார்களோ தெரியாது. ஒவ்வொருவராக எழுந்து, வெல்டனின் கையைக் குலுக்கி, கறி ரொம்ப நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். திங்கட்கிழமையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

எல்லாரும் போன பிறகு எவரிஸ்டோ நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார். வேறு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. வெல்டன் வெளியே தன் லாரியின் பின்பலகையை இறக்கிவிட்டு அதில் உட்கார்ந்திருந்தார். வெயில் மண்டையைப் பிளந்தது, தொப்பி மடியில் கிடந்தது. எவரிஸ்டோ போய் எதிரில் நின்றார்.

"மூணு வருஷம்" என்றார் வெல்டன். "ஊரெல்லாம் கூப்பிட்டு அந்தப் படத்தக் காட்டினேன். நீ பக்கத்துலயே நின்ன."

"நின்னேன். தப்புதான். முதல் தடவ உங்க மொகத்தப் பாத்தேன், சொல்ல வாய் வரல. அப்புறம் சொல்றதுக்கு மொகம் இல்ல." எவரிஸ்டோ காற்றாலைப் பக்கம் கையைக் காட்டினார். "இந்த மாசக் கடைசிக்குள்ள வீட்டக் காலி பண்ணிடறோம் முதலாளி."

"வீட்ட எவன்யா கேட்டான்?"

வெல்டன் கத்தித்தான் சொன்னார். திட்டுவார், திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று எவரிஸ்டோ காத்திருந்தார். இருபத்தாறு வருஷத்தில் அந்த முகத்தை அவர் இப்படிப் பார்த்ததில்லை. மனைவியைப் புதைத்த அன்றும் இப்படி இல்லை.

"அன்னைக்கு இதுக்கு முன்னாடி எத்தன சுட்டேன்?"

"இருபத்திமூணு."

"அதுல இந்தக் கடா மாதிரி ஏதாவது இருந்துச்சா?" வெல்டன் நிமிர்ந்தார். "நெசத்தச் சொல்லு. இதுல நீ என்னமோ பாத்திருக்கே. உனக்குக் கண்ணு உண்டு. மத்ததுல இல்லாத ஏதோ ஒண்ணு இதுல இருந்திருக்கணும். அதனாலதானே விட்டே?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு சொல்லை வெல்டன் கெஞ்சிக் கேட்டுக்கொண்டிருந்தார். அது கிடைத்தால் ராத்திரி தூங்குவார் என்று எவரிஸ்டோவுக்குத் தெரிந்தது. ஆனால் அன்று மத்தியானத்தோடு பொய் சொல்லும் தெம்பு அவரிடம் தீர்ந்துபோயிருந்தது.

"இல்ல முதலாளி. எல்லாம் இதே மாதிரிதான் இருந்துச்சு. இதுல தனியா ஒண்ணும் இல்ல. இது இருபத்திநாலாவதா வந்துச்சு, என் கை அசந்து போச்சு. அவ்வளவுதான்."

வெல்டன் தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். ஒன்பது வருஷத்தில் மொத்தம் எத்தனை என்று அவர் கேட்கவில்லை. நானூற்றுச் சொச்சம் என்று அவருக்கும் தெரியும், ஒவ்வொன்றுக்கும் தொப்பியைக் கழற்றியவர் அவர்தான். ஹெலிகாப்டர்காரனுக்கு போன் போட்டு வர வேண்டாம் என்று சொல்லிவிடு என்றார். எவரிஸ்டோ சரி என்றார்.

போவதற்குத் திரும்பியவரின் சட்டைக்கையை வெல்டன் எட்டிப் பிடித்தார். கண் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

"ஏன்யா" என்றார், "ஒண்ணோட ஏன்யா நிறுத்தின?"